கப்பல் பட்டியலிலிருந்து வரைபடம் வரை: டிஜிட்டல் வரலாற்று ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிஜிட்டல் வரலாற்று ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. முதுகலை ஆய்வேட்டுக்கு 'கம்ப்யூட்டரில் ஏதாவது' செய்யச் சொல்லி அனுப்பப்பட்ட மாணவர்கள் ஒரு வகை. பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடப் போய், ஒரு குடும்பத்தோடு நிற்க மனமில்லாமல் எஸ்டேட் முழுவதையும் ஆராயக் கிளம்பியவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மென்பொருளை முதல் நாளே நிறுவிவிடுவார்கள். ஆவணம் சொன்னது எது, தாங்கள் ஊகித்தது எது என்பதை மூன்றாவது மாதத்தில் பிரிக்க முடியாமல் தவிப்பார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு நேட்டால் (டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) கப்பல் பட்டியல்களை வைத்துக்கொள்கிறேன். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் விவரம் அவற்றில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். உங்கள் ஆவணம் கோயில் கணக்கானாலும் பள்ளிப் பதிவேடானாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாதாரண மடிக்கணினி போதும். தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும். மென்பொருள்களில் லிப்ரே ஆபீஸ் (இனி 'தாள்' என்று சொல்லப்போகும் விரிதாளுக்கு), ஸோட்டெரோ (மேற்கோள் குறிப்புகளுக்கு), ட்ராப்பி (ஆவணப் படங்களை ஒழுங்குபடுத்த), ஓப்பன்ரிஃபைன் (தட்டச்சு செய்ததைச் சுத்தம் செய்ய), க்யூஜிஐஎஸ் (வரைபடத்துக்கு) ஐந்துமே இலவசம். ஆனால் ஐந்தையும் ஒரே நாளில் நிறுவ வேண்டாம். ஒவ்வொன்றும் அதற்கான படி வரும்போது வரட்டும். தேவைக்கு முன்பே கற்ற கருவி, தேவை வரும்போது மறந்துபோயிருக்கும்.

புரோகிராமிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரே வேலையை நூறு தடவை கையால் செய்து சலித்த பிறகு பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடுங்கள். அப்போதுதான் எதற்குக் கற்கிறோம் என்பது தெரியும். 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' தளத்தில் வரலாற்று ஆய்வாளர்களுக்கென்றே எழுதிய இலவசப் பாடங்கள் உள்ளன.

உண்மையில் தேவைப்படும் திறமை வேறு. பட்டியல்கள் ஆங்கிலத்தில், குமாஸ்தாக்களின் கையெழுத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்துக்குக் கண் பழக வேண்டும். கூடவே தமிழும் கொஞ்சம் தெலுங்கும் காதில் இருந்தால், ஊர்ப் பெயர்கள் பாதி விளங்கிவிடும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'நேட்டால் தமிழர் வரலாறு' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'ஒரே தாலுகாவிலிருந்து வந்தவர்கள் ஒரே முதலாளியிடம் அனுப்பப்பட்டார்களா, பிரிக்கப்பட்டார்களா?' என்பது கேள்வி. இப்படி எழுதியதுமே எதையெல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிடும்: கப்பல், வந்த தேதி, கிராமம், தாலுகா, மாவட்டம், முதலாளி. உயரமும் அங்க அடையாளமும் இந்தக் கேள்விக்கு வேண்டாம்.

'எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம், பிறகு பார்க்கலாம்' என்று புறப்பட்டவர்கள் பாதி வழியில் களைத்துப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கப்பலுக்கே பல நூறு வரிசைகள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் மட்டும் 342 பேர்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் தீர்மானியுங்கள்: தாளில் ஒரு வரிசை என்றால் என்ன? ஒரு ஆளா, ஒரு குடும்பமா, ஒரு பயணமா? நடுவில் மாற்றினால் வேலை முதலிலிருந்துதான்.

2. ஆவணம் எப்படி உருவானது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். வரைபடம் போடும் அவசரம்.

பட்டியலை யார், எங்கே, எதற்காக எழுதினார்கள் என்று தெரியாமல் அதை எண்ணத் தொடங்கினால், அரசு விதியை மக்களின் விருப்பம் என்று எழுதிவிடுவீர்கள். சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

வந்தவர்களின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக ஒரு கோட்டுப்படமாகப் போட்டால் 1866க்குப் பிறகு கோடு தரையில் படுத்துவிடும், 1874இல்தான் எழும். அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சம், நோய், கிராமத்தில் பரவிய அச்சம் என்றெல்லாம் விளக்கம் எழுதியவர்கள் உண்டு. நடந்தது என்னவென்றால், அந்த இடைவெளியில் ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டிருந்தது. நேட்டாலின் பொருளாதாரச் சரிவு ஒரு காரணம். திரும்பிப் போனவர்கள் இந்தியாவில் கொடுத்த புகார்களும் அரசாங்கத்தின் காதுக்கு எட்டியிருந்தன.

பெண்களின் விகிதமும் அப்படித்தான். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கைக் குடியேற்ற விதியே வற்புறுத்தியது. ஆகவே உங்கள் தாளில் அந்த விகிதம் வந்தால், அது விதி பின்பற்றப்பட்டதற்கான சான்று. பெண்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

சாதி என்ற நெடுவரிசையை இன்னும் கவனமாகப் பாருங்கள். கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். குமாஸ்தா தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டிருக்கலாம். வந்தவரும் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வயதும் அப்படியே. 20, 25, 30 என்று முழு எண்களில் கூட்டம் கூடியிருந்தால், அது ஆளைப் பார்த்து மதிப்பிட்ட வயது.

அப்புறம், பட்டியலில் யார் இல்லை? சொந்தச் செலவில் வந்த 'பாசெஞ்சர்' இந்தியர்கள் இதில் இல்லை. நேட்டாலில் பிறந்தவர்களும் கப்பலில் வந்திருக்க முடியாது. இதைக் குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் பாதி இந்தக் குறிப்புகளிலிருந்தே வந்துவிடும்.

3. படம் எடுப்பதும் பெயர் வைப்பதும்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகங்களுக்குப் போகும் முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடுபட்டியலில் தேடுங்கள். அது ஆவணத்தின் படத்தைத் தராது. எந்தக் காப்பகம், எந்தத் தொகுப்பு, எந்தத் தொகுதி, என்ன குறிப்பு எண் என்பதை மட்டும் தரும். அந்த நான்கையும் அப்படியே ஸோட்டெரோவில் ஏற்றுங்கள். அடிக்குறிப்பு எழுதும்போது தேவைப்படுபவை இவைதான். வீட்டுக்கு வந்த பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் படம் அதன் அட்டையும் எண்ணும். அடுத்துத்தான் பக்கங்கள். கைப்பேசியில் வரிசையாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் எது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று பிறகு சொல்வது அந்த முதல் படம்தான்.

அன்று மாலையே படங்களை ட்ராப்பியில் போட்டுத் தொகுதி எண், பக்க எண், தேதி மூன்றையும் சேர்த்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் மறுவாரம் ஆகிவிடும். மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் பூட்டுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மின்வெட்டு நேரத்தில் பாதி நகலெடுத்த டிஸ்க்கை நம்பிக் கைப்பேசியைக் காலி செய்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே அழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கப்பல் பட்டியல்களின் தட்டச்சுப் பிரதிகள் ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருக்கின்றன. தேடுவதற்கு அவை பெரிய உதவி. ஆனால் அது யாரோ ஒருவர் படித்துப் புரிந்துகொண்டது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரிசையையும் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

4. தாளை வடிவமையுங்கள்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் போவோம்.

முதல் விதி: ஆவணத்தில் உள்ளதற்கு ஒரு நெடுவரிசை, உங்கள் முடிவுக்கு ஒரு நெடுவரிசை. ஊர் என்றால் 'ஊர்_மூலம்', 'ஊர்_இன்று' என்று இரண்டு. முதலாவதில் குமாஸ்தா எழுதிய எழுத்துப்பிழையோடு அப்படியே. இரண்டாவதில் நீங்கள் கண்டுபிடித்த ஊர். முதலாவதைத் தட்டச்சு முடிந்ததும் பூட்டிவிடுங்கள். திருத்தியதன் மேலேயே திருத்திக்கொண்டு போனால், உங்கள் ஊகம் தவறு என்று தெரியவரும் நாளில் திரும்பிப் போக வழி இருக்காது.

அடுத்து, ஆளுக்கான அடையாளம். நல்லவேளையாக நேட்டால் அரசே ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தது. கப்பல் பட்டியலிலும் பிந்தைய காகிதங்களிலும் அதே எண் தொடரும். அதையே சாவியாக வையுங்கள். பெயரைச் சாவியாக வைத்தால் ராமசாமிகளின் கடலில் மூழ்க வேண்டியதுதான்.

வெற்றுக் கட்டம் ஆபத்து. ஆவணத்தில் எதுவும் எழுதவில்லையா, எழுதியது படிக்க முடியவில்லையா, நீங்கள் இன்னும் அங்கே வரவில்லையா? மூன்றும் வெவ்வேறு. 'இல்லை', 'தெளிவில்லை', 'பாக்கி' என்று மூன்று குறிகளை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சந்தேகமுள்ள கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசுவதும் வேண்டாம். கோப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது நிறம் போய்விடும், கூடவே சந்தேகமும் போய்விடும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸெலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய தேதியை அது வெறும் எழுத்தாகவே கொள்ளும். பிந்தியதைத் தேதியாக மாற்றிக்கொள்ளும். நம் பட்டியலோ 1860இல் தொடங்கி 1911 வரை போகிறது. வரிசைப்படுத்தினால் இரண்டு துண்டாகி நிற்கும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'எழுத்து' வகைக்கு மாற்றிவிட்டு 1860-11-16 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். எந்த மென்பொருளிலும் சரியாக வரிசைப்படும்.

வயதிலும் கவனம் வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மாதக் கணக்கில் எழுதியிருப்பார்கள். 6 மாதக் குழந்தையை 6 வயதாக ஏற்றிவிடாமல் இருக்க, எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, அது ஆண்டா மாதமா என்பதற்கு இன்னொன்று.

கடைசியாக, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், என்ன குறிகள் பயன்படுகின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்போடு வையுங்கள். அடுத்த ஆண்டு அதைப் படிக்கப் போகிற அந்நியர் நீங்களேதான்.

5. தட்டச்சு: கையாலா, இயந்திரத்தாலா?

சில ஆயிரம் வரிசைகள் வரை கையால் அடிப்பதே வேகம். என் கருத்து இது, மறுப்பவர்களும் உண்டு. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிப்பான்கள் தொடர்ச்சியாக எழுதிய கடிதங்களில் நன்றாக வேலை செய்யும். கோடு போட்ட கட்டங்களில், மேலே உள்ளதே கீழும் என்று குறி போட்டிருக்கும் பட்டியல்களில், அதைப் பழக்கி எடுக்கும் நேரத்துக்கு இரண்டு கப்பலை முடித்துவிடலாம். பல தொகுதிகளில் ஒரே குமாஸ்தாவின் கையெழுத்து இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த வழியானாலும் சரிபார்ப்பு வேண்டும். முதல் 50 வரிசைகளை இரண்டு பேர் தனித்தனியாக அடியுங்கள், ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே விதி தெளிவாக இல்லை என்று பொருள். விதியை எழுதிவிட்டு மேலே போங்கள்.

அச்சிட்ட தமிழ்ப் பக்கங்கள் வேறு சிக்கல். 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பினியன்' பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வந்தது. அந்தக் காலத்து அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய கூட்டெழுத்துகளில் இருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் சீர்திருத்திய வடிவங்களில் இருக்காது. பக்கத்தின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் டெஸராக்ட் போன்ற எழுத்துணரி இந்த இடங்களில் தடுமாறும். 'வேலை' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அந்தச் சொல் பத்திரிகையில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பக்கங்களைப் புரட்டுங்கள்.

6. சுத்தம் செய்தல்

இப்போதுதான் ஓப்பன்ரிஃபைன். அது உங்கள் கணினியிலேயே ஓடும், தகவல் வெளியே போகாது. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளும். இந்த இரண்டு குணங்களுக்காகவே அதைச் சொல்கிறேன். சாதாரணத் தாளில் 'தேடி மாற்று' கொடுத்தால் என்ன மாறியது என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது.

அதில் ஒத்த வடிவங்களைக் கூட்டம் சேர்க்கும் வசதி உண்டு. முனிசாமி, முனுசாமி, மூன்சாமி, முன்சாமி எல்லாம் அருகருகே வரும். எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்ற பொத்தான் கண்ணை இழுக்கும். நிதானியுங்கள். அதன் ஒலி விதிகள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளுக்கு எழுதப்பட்டவை. சின்னம்மாவும் சின்னப்பாவும் ஒரே கூட்டத்தில் வந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு கூட்டத்தையும் கண்ணால் பார்த்து, முடிவை இரண்டாவது நெடுவரிசையில் மட்டும் எழுதுங்கள்.

தமிழிலேயே தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. 'கோ' என்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் ஓகாரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. பிரிந்த துண்டுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். பைத்தானில் ஒரே வரி. ஆனால் 'கௌ' என்பதைக் கொம்பும் ளகரமுமாக 'கெள' என்று அடித்திருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. கவுண்டர், கௌண்டர், கெளண்டர் மூன்றும் தனித்தனி ஆட்களாக எண்ணப்படும். அதைத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியதுதான்.

7. ஆட்களை இணைத்தல்

கப்பல் பட்டியலில் உள்ளவரும் பின்னாளில் நிலம் வாங்கியவரும் ஒரே ஆளா? காலனி எண் பொருந்தினால் பெரும்பாலும் ஆம். எண் இல்லையென்றால் பெயர் மட்டும் போதாது. தந்தை பெயர், ஊர், வயது, முதலாளி இவற்றில் குறைந்தது இரண்டு, பெயரோடு சேர்ந்து பொருந்த வேண்டும். 'உறுதி', 'சாத்தியம்', 'ஊகம்' என்று ஒவ்வொரு இணைப்புக்கும் தரம் எழுதுங்கள்.

இன்றைய குடும்பப் பெயரிலிருந்து பின்னோக்கிப் போகிறவர்கள் இங்கே வழி தவறுவார்கள். கோவெண்டர், நாயுடு, மூட்லி, பிள்ளை, படையாச்சி என்பவை இங்கே குடும்பப் பெயராக நிலைத்தவை; கப்பலில் வந்தவர் வெறும் ஒற்றைப் பெயரோடு பதிவாகியிருப்பார். சில குடும்பங்களிலோ அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே தாத்தாவின் பேரர்கள் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயரோடு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருப்பதும் நடக்கக்கூடியதே.

8. வரைபடம்

க்யூஜிஐஎஸ்ஸைத் திறக்கும் முன் ஊர்களை அடையாளம் காண வேண்டும். பட்டியலில் உள்ளவை அன்றைய மதராஸ் மாகாண மாவட்டங்கள். 'வட ஆற்காடு' என்று இருந்தால் உடனே வேலூரில் புள்ளி வைக்காதீர்கள். சித்தூர் அன்று வட ஆற்காட்டில்தான் இருந்தது. 1911இல்தான் தனி மாவட்டமானது. இன்று அது ஆந்திரத்தில். தமிழ்நாடா ஆந்திரமா என்று எண்ணும் எந்தக் கணக்கும் தாலுகா வரை போகாமல் நிற்காது.

கிராமம் தெரியாதபோது மாவட்டத்தின் நடுவில் புள்ளி வைப்பது வழக்கம். விளைவு, ஆளே இல்லாத ஒரு காட்டில் நானூறு பேர் பிறந்தது போல ஒரு பெரிய வட்டம் தெரியும். பார்ப்பவர்கள் அது எந்த ஊர் என்று கேட்பார்கள். கிராமம் தெரிந்தவர்களுக்குப் புள்ளி, மாவட்டம் மட்டும் தெரிந்தவர்களுக்கு மாவட்டம் முழுவதும் நிறம் என்று இரண்டு அடுக்காகப் பிரியுங்கள்.

நேட்டால் பக்கத்திலும் அதே கவனம். டொங்காட், வெருலம், உம்சின்டோ என்று எஸ்டேட்டைத் தேடும்போது முதலாளியின் வீட்டு முகவரியும் கரும்புத் தோட்டமும் ஒன்றல்ல.

9. வாய்மொழியைச் சேர்ப்பதானால்

பெரியவர்களிடம் பேசப் போவது தாளெல்லாம் ஓரளவு ஒழுங்கான பிறகு. கையில் பக்கத்தின் படம் இருந்தால் பேச்சு தானாக ஓடும். வெறுங்கையோடு போனால் 'எல்லாம் கஷ்டம்தான் தம்பி' என்பதோடு நின்றுவிடும். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பேச்சைப் பதிவு செய்வதற்கு ஒன்று, பொதுவில் வெளியிடுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக. டர்பனின் கேட்டோ மேனர் வீட்டை, குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் இழந்த கதையைச் சொல்ல விரும்புகிறவர் எல்லோரும், அது இணையத்தில் வருவதை விரும்புவார் என்று சொல்ல முடியாது.

10. வெளியிடுவது

2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. 1880இல் வந்தவரின் பெயரை வெளியிட அது தடையில்லை. உயிரோடு இருக்கும் அவருடைய கொள்ளுப்பேத்தியின் பிறந்த தேதி குடும்ப மரத்தில் இருந்தால் சட்டம் குறுக்கே வரும். வெளியிடும் கோப்பில் அந்த நெடுவரிசைகளை மறைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். மறைத்ததை யாரும் ஒரே சொடுக்கில் திறந்துவிடலாம்.

சாதி நெடுவரிசையைப் பொறுத்தவரை சட்டம் எதுவும் சொல்லாவிட்டாலும் நான் பெயரோடு சேர்த்து வெளியிடுவதில்லை. மொத்த எண்ணிக்கையாக மட்டும் தருவேன். பெயருடன் வேண்டும் என்று கேட்கும் ஆய்வாளருக்கு மூலத் தொகுதியின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

காப்பகப் படங்களை வெளியிட எழுத்து அனுமதி வாங்குங்கள். தாளை சிஎஸ்வி வடிவில் (எந்த மென்பொருளிலும் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பு), தமிழ் எழுத்துகளைக் காக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். அதை எக்ஸெலில் நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியலாம். 'இறக்குமதி' வழியாகத் திறக்கச் சொல்லி விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு தாள், நெடுவரிசை விளக்கம், ஓப்பன்ரிஃபைன் மாற்றப் பட்டியல் மூன்றையும் ஸெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான மேற்கோள் எண் கிடைக்கும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அந்த எண்ணைப் போடுங்கள். அழகான வலைத்தளத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டொமைன் கட்டணம் கட்ட மறந்து தளம் போனாலும் தாள் களஞ்சியத்தில் இருக்கும்.